பெட்டியின் உயரம்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் இருந்த சர்ச் மைதானத்தில், வாலிபால் அணிக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தது ஒரு மரப்பெட்டி அடுக்கு. அதிக உயரத்துக்கு அடுக்கிய பெட்டிமேல் யார் தாவி ஏறுகிறானோ, அவனுக்கு நெட்டருகே நின்று, எதிரணி அடிக்கும் பந்தைத் தாவித் தடுத்து பிளாக் செய்யும் இடம். கேப்டன் ஜோஷ்வா செய்த ஏற்பாடு அது. ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் போட்டி. இடம் ஆரோனுக்குக் கிடைத்துவிட்டது. எபிக்குக் கிடைக்கவில்லை.

பெட்டித் தாவலில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டிமேல் போய்ச் சேர வேண்டியது பாதம் மட்டும்தான். முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டால், இடுப்பு கொஞ்சம் எழும்பினாலே பாதம் ஏறிவிடும். ஆனால் நெட்டுக்கு மேலே கையைக் கொண்டுபோவது இடுப்பு எழும்பும் உயரம். அங்கே கால் மடக்கி ஒரு பயனும் இல்லை. அதை அளக்க ஒரு சுவர் போதும். விரலில் சாக்பீஸ் பொடியைத் தடவிக்கொண்டு தாவி, எட்டும் இடத்தைத் தொட வேண்டும். தடம் எங்கே விழுகிறதோ, அதுதான் பிளாக்கில் கை போகும் உயரம்.

ஆரோன் தன் வீட்டு மாடிச் சுவரில் தொட்டுப் பார்த்திருந்தான். எபியும் ஒருநாள் விளையாட்டாக அங்கே தாவினான். இருவரும் ஒரே உயரம்தான். ஆனாலும் எபியின் தடம் ஒரு சாண் மேலே விழுந்தது. எபி அதை அன்றே மறந்துவிட்டான். ஆரோன் மறக்கவில்லை.

சிறுசேரியில் ஆபீஸ் முடிந்து வந்து ஆரோன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, எபி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, நான் எங்க தப்பு பண்றேன்? பெட்டி மட்டும் ஏறவே மாட்டேங்குது."

உன்மேல் தப்பே இல்லை என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆரோன் அதை விழுங்கிக்கொண்டான்.

"கால்ல பவர் பத்தலடா. இன்னும் ட்ரை பண்ணு."

"ரெண்டு இட்லி சேத்து உள்ள தள்ளு மச்சான், பவர் தானா வரும்!" என்று ஜோஷ்வா தூரத்திலிருந்து கத்தினான்.

எபி சிரித்துக்கொண்டே தாவினான். காலை நீட்டியபடி நேராக எழும்புவது அவன் வழக்கம். மறுபடி தாவினான். அடுத்த தாவலில் பெட்டியின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டித் தோலைச் சீவிக்கொண்டு போனது.

ஆரோன் ஓடிப்போய் முதலுதவிப் பையை எடுத்துவந்து, அந்தக் காலைத் தன் மடியில் வைத்துப் பஞ்சை அழுத்தினான்.

"நீ சொன்னது கரெக்ட்ணா," என்றான் எபி, பல்லைக் கடித்துக்கொண்டு. "பவர் பத்தல."

ஆரோனுக்கு முகம் தீயாய் எரிந்தது. நிமிர முடியவில்லை. சிவக்கும் பஞ்சைப் பார்த்தபடியே, ஓடிவந்த ஜோஷ்வாவிடம் பேசினான்.

"ஜோஷ்வா, இந்தப் பெட்டி டெஸ்ட்டே சரியில்ல. நான் முழங்கால மடக்கி ஏறிடறேன். நெஜமா எம்பறது இவன்தான். எங்க வீட்டு மாடி செவுத்துல என்னைவிட ஒரு சாண் மேல தொட்டான்."

"எப்போ?"

"செலக்‌ஷனுக்கு முன்னாடி."

"தெரிஞ்சேதான் இவன மறுபடி ஏறச் சொன்னியா?"

ஆரோன் தலையசைத்தான்.

"இன்னா மச்சான் நீ..." என்றான் ஜோஷ்வா.

"ஞாயித்துக்கிழம எபி ஆடட்டும்," என்றான் ஆரோன்.

"இந்தக் காலோடயா?"

"சிராய்ப்புதான் ஜோஷ்வாண்ணா. ஆடிடுவேன்," என்றான் எபி. பிறகு ஆரோனின் மடியிலிருந்து காலை மெதுவாக இழுத்துக்கொண்டு, பஞ்சுக்குக் கை நீட்டினான்.

"குடுங்க. நானே கட்டிக்கறேன்."