ஒற்றைச் சங்கிலி

இடது பின்சக்கரம் மட்டும் வெறிபிடித்தாற்போல் சுற்றியது. வலது சக்கரம் எனக்கென்ன என்று நின்றது. இர்மா நிஸ்கனென் மிதிக்க மிதிக்க, அந்தப் பழைய புல்வெட்டும் டிராக்டர் சரிவில் பின்னால் வழுக்கியதே தவிர, முன்னால் மாட்டியிருந்த தகடு ஒரு பிடி பனியைக்கூடத் தள்ளவில்லை.

வீட்டுக்குள் அவள் கணவன் வெஸ்லி, மூக்கில் குழாயோடு. கடைசி சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. மதியத்துக்குள் ஆக்ஸிஜன் லாரி வரவேண்டும். டிரைவர் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டான்: "வாசல் வரைக்கும் வழி இருந்தாத்தான் வருவேன். இல்லைன்னா அப்படியே அடுத்த ஊருக்குப் போயிடுவேன்."

இர்மா இறங்கிக் குனிந்து பார்த்தாள். 

பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தைச் சுற்றி மாட்டும் சங்கிலி இடது பக்கத்தில் காணோம்!

கழன்று விழுந்திருந்தால் சரிவில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. ஷெட்டுக்கு ஓடினாள். சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம் மட்டும் ஆணியில் ஒழுங்காகத் தொங்கியது. தொழில் தெரிந்த கை. அவசரப்படாத கை.

ஷெட்டின் பின்புறம், பனியில் நடக்கக் காலில் கட்டும் மட்டைகளின் தடம். பாதி மூடியிருந்தாலும் போகிற திசை தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து வீடு.

ஆர்வில் டெர்வோ!

நவம்பரில் அவள் தள்ளிய பனி அவனுடைய சானா குடிசைக் கதவை அடைத்துவிட்டது. சனிக்கிழமை நீராவிக் குளியல் போனதை அந்த ஊரில் எவனும் லேசில் மன்னிக்க மாட்டான். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. சரி, கோபம் என்மேல்தானே? மூச்சுக்குத் தவிக்கிறவன் உயிரோடா விளையாடுவது?

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முழங்கால் ஆழப் பனியில் இறங்கி நடந்தாள். சாலை ஓரத்தில் இன்ஜின் உறுமியது. ஊர் பனிவண்டி ஒதுக்கிவிட்டுப் போன பனிச்சுவர் அவள் வீட்டு நுழைவை மறித்து நிற்க, அதன் எதிரில் ஆர்வில் தன் டிராக்டரில் உட்கார்ந்திருந்தான். வலது பின்சக்கரத்தில் ஒரே ஒரு சங்கிலி. அதில் அவள் அடையாளத்துக்குக் கட்டி வைத்த மஞ்சள் கம்பி.

"யோவ்! திருட்டுப் பயலே!"

ஆர்வில் திடுக்கிட்டு இன்ஜினை அணைத்தான். "கத்தாதே தாயே. கடனாத்தான் எடுத்தேன்."

"பூட்டின ஷெட்டுக்குள்ள புகுந்து எடுத்தா அதுக்குப் பேரு கடனா? வெஸ் மூச்சு நின்னா உனக்கு என்னய்யா லாபம்?"

"என்ன பேச்சு பேசுற! அவனுக்காகத்தானே இந்தச் சுவரை உடைக்கிறேன். என் சங்கிலி போன வாரம் அறுந்துடுச்சு. மேல நீ தள்ளு, கீழ நான் தள்ளறேன்னு பாத்தேன். உனக்கு ஓடுற சக்கரத்துச் சங்கிலிய விட்டுட்டுத்தானே வந்தேன்?"

"ஓடுற சக்கரமா?"

"வலதுதான். இந்த வண்டிங்க ஒத்தச் சக்கரத்துல ஓடுறது. சிக்கினப்பல்லாம் வலது மட்டும்தான் சுத்தும், இடது சும்மா கெடக்கும். நானே கண்ணால பாத்தது. இடதுக்கு எதுக்குச் சங்கிலி, நகையா?"

அவன் கணக்கு எங்கே தப்பியது என்று இர்மாவுக்குப் புரிந்தது. நிஜமாகவே உதவத்தான் வந்தானா என்ற சந்தேகம் மட்டும் விடவில்லை. "அப்ப ஏன் நிக்கிறே? ஓட்டிக் காட்டு."

ஆர்வில் மிதித்தான். சங்கிலி கட்டிய வலது சக்கரம் அசையவே இல்லை. இடது சக்கரம் விர்ரென்று சுழன்று அவள் கோட்டில் பனியை வாரி இறைத்தது.

"அட! நேத்து வரைக்கும் வலதுதானே..." அவன் வாய் பிளந்தது.

"எது வழுக்குதோ அதுதான்யா சுத்தும்! நடுவுல டிஃபரன்ஷியல்னு ஒண்ணு இருக்கு. வளைவுல திரும்பறதுக்காக ரெண்டு சக்கரத்தையும் தனித்தனியா விட்டு வெச்சிருக்கு. வழுக்குற சக்கரம் எவ்வளவு தாங்குதோ அவ்வளவு பலம்தான் மத்ததுக்கும் போகும். ஒண்ணு வெறும் பனியில சுத்தினா, இன்னொண்ணு சங்கிலியோட நின்னு வேடிக்கைதான் பாக்கும். ஜோடியப் பிரிச்சு ரெண்டு வண்டியையும் படுக்க வெச்சுட்டியே!"

ஆர்வில் வண்டியை விட்டு இறங்கினான். மண்டியிட்டுச் சங்கிலியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினான். அதை அவள் வண்டியின் இடது சக்கரத்தில் அவன் மாட்டி முடிக்கும்வரை இர்மா அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டை எப்படித் திறந்தே?"

"பூட்டலையே." கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

பூட்டியிருந்தாள். நன்றாக நினைவிருந்தது.

இந்த முறை இரண்டு சக்கரமும் ஒன்றாகக் கடித்துப் பிடித்தன. டிராக்டர் முக்கிக்கொண்டு பனியை ஒதுக்கியபடி சரிவில் இறங்கியது. சுவரைக் கீழிருந்து ஆர்வில் மண்வெட்டியால் கொத்தித் தளர்த்த, மேலிருந்து அவள் இடித்தாள். கடைசிக் கட்டி உருண்டபோது லாரியின் ஹாரன் கேட்டது.

புது சிலிண்டரை மாட்டி, முள் மேலே ஏறியதும்தான் இர்மா நாற்காலியில் சாய்ந்தாள். வெஸ்லியின் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. சங்கிலியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

வெஸ்லி தானாகவே கேட்டான்: "ரெண்டு வண்டியும் நல்லா ஓடுச்சா?"

இர்மா மெல்ல நிமிர்ந்தாள்.

"ரெண்டு வண்டியா? ரெண்டுன்னு உனக்கு யார் சொன்னது?"

வெஸ்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் போர்வை மடிப்பில் ஷெட்டின் மாற்றுச் சாவியின் சிவப்புக் கயிறு எட்டிப் பார்த்தது.

"சாவியையும் குடுத்து, ஒத்தச் சக்கர வண்டின்னு அந்த ஆளுக்குப் பாடமும் நடத்தினது நீதானா, வெஸ்?"

வெஸ்லி இருமினான். அந்த இருமல் நிஜமானதா என்பதில்கூட அவளுக்கு இப்போது சந்தேகம்.