மச்சானின் வயிறு

என் அக்கா புருஷன் ரொட்டிக் கடை நடத்துகிறார். ரொட்டிக்குள் கோழி, கோழிக்கு மேல் மயோனைஸ். அந்த மயோனைஸுக்குத்தான் கூட்டம். பச்சை முட்டையை மிக்ஸியில் உடைத்து ஊற்றி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடிப்பது. அடுப்புப் பக்கமே போகாத சமாச்சாரம். அந்தக் கடையில் எனக்கு என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். தின்பதுதான் வேலை.

காலையில் அடித்ததில் எனக்கு ஒரு கரண்டி. மத்தியானம் வரை நான் நிமிர்ந்து நின்றால் விற்கலாம். வேலைவெட்டி இல்லாமல் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவனுக்கு மாமா போட்டுக் கொடுத்த உத்தியோகம்.

"எதுக்கு லேப்பு, டெஸ்ட்டு? என் மச்சான் வயிறு இருக்கே!" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே என் வயிற்றில் தட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். தின்கிற சோற்றுக்கு அதையாவது காட்ட வேண்டாமா?

அந்த முட்டைகளைப் பார்த்தால் உங்களுக்குக் குமட்டும். எச்சம் காய்ந்து ஒட்டியது, ஓட்டில் கீறல் விழுந்தது எல்லாவற்றையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பார். கீறல் வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே போகாதா என்று ஒருநாள் வாயைத் திறந்துவிட்டேன்.

"டாக்டர் வந்துட்டாருப்பா, எந்திரிச்சு நில்லுங்க!" என்றார் வேலையாட்களிடம். பாவிகள் நிஜமாகவே எழுந்து நின்றார்கள்.

அக்கா அப்போது மாசமாக இருந்தாள். எத்தனையோ ஊசி, எத்தனையோ மாத்திரை, எத்தனையோ பேரின் குத்தல் பேச்சு, எல்லாம் தாங்கிய பிறகு ஒருவழியாகத் தங்கிய கரு. தும்மினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். முட்டை நல்லதுதான், ஆனால் மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்துத் தின்ன வேண்டும், பச்சையாகவும் அரைவேக்காடாகவும் தொடவே கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்காவும் அப்படியே கேட்டு நடந்தாள். பாழாய்ப்போன நாக்குதான் மயோனைஸையே கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் போன கரண்ட் பொழுது சாய்ந்துதான் வந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த மயோனைஸ் வெதுவெதுவென்று ஆகிவிட்டது. மறுநாள் காலை மாமா அதைக் கொட்டவில்லை. புதிதாக அடித்ததோடு கலந்து என் வாயில் ஊட்டாத குறையாகக் கொடுத்தார். ருசியில் ஒரு குறையும் தெரியவில்லை. மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள்.

"ஏன்டா, வயிறு ஏதாவது பண்ணுதா?"

"கல்லு மாதிரி இருக்கேன்க்கா. ஆனா நீ சாப்பிடாதே. டாக்டரம்மா என்ன சொன்னாங்க..."

"பாத்தியா இவனை!" என்று மாமா குறுக்கே விழுந்தார். "வேளாவேளைக்கு இவன் முழுங்குவான். கூடப்பிறந்தவ ஒரு கரண்டி கேட்டா மனசு வராது. என் புள்ள ஆசைப்படுது, எடுத்துக் குடுடா."

"கொஞ்சூண்டுதான்டா," என்று அக்கா கூச்சத்தோடு சிரித்தாள். நான் எடுத்துக் கொடுத்ததைத் தட்டில் துளி மிச்சமில்லாமல் ரொட்டியால் வழித்துத் தின்றாள். அவள் அவ்வளவு ஆசையாகத் தின்று நான் பார்த்து வெகுநாளாயிற்று.

மறுநாள் இரண்டு பேரும் படுத்துவிட்டோம். எனக்குக் கக்கூஸே கதி. அக்காவுக்கு அதோடு காய்ச்சலும் அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் காய்ச்சல் இறங்கவில்லை. குழந்தை போய்விட்டது.

"இவன் காலையிலேயே சாப்பிட்டானே டாக்டர், மத்தியானம் நல்லாத்தானே இருந்தான்?" என்று மாமா என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார்.

"சாப்பிட்டவுடனே தெரியாதுங்க," என்றார் டாக்டரம்மா. "கிருமி உள்ள போய்ப் பெருகணும். சிலருக்கு அரை நாள் ஆகும், சிலருக்கு ரெண்டு மூணு நாள்கூட ஆகும். இவர் உடம்பு தாங்கிடுச்சு. மாசமா இருக்கிறவங்களுக்குத் தாங்காது."

அடப்பாவி! அப்படியானால் இத்தனை காலம் நான் தின்று எதைக் கண்டுபிடித்தேன்? அந்த மனுஷனின் குரல்வளையைக் கடித்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவரோ குரலைத் தாழ்த்தி, "இது எங்க கடையில சாப்பிட்டதுன்னு ரிப்போர்ட்ல எழுதுவீங்களா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவைப் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் என் காலடி கேட்டுத் திரும்பினாள். அழுது முடித்த முகம். மாமாவும் என் பின்னாலேயே வந்து நின்றார். அவரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நீயும்தானே சாப்பிட்டே. உனக்கு என்ன ஆச்சு?"

"வயித்தால போச்சுக்கா. இப்பப் பரவாயில்ல."

என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.