பளபளத்த கரும்பலகை

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து சனிக்கிழமைச் சேவையால் ஒரு பள்ளிக்கூடம்கூட உருப்பட்டதில்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தான். நீதிபதி என்பது கல்லூரியில் அவனுக்கு விழுந்த பெயர். எதற்காவது தீர்ப்புச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அன்றைய வழக்கில் எதிராளி அவனுடைய அக்கா. வங்கியில் வேலை. வாரம் ஐந்து நாள் சம்பளத்துக்குத் திட்டு வாங்கிவிட்டு, ஆறாம் நாள் தோழிகள் நான்கு பேரோடு பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்குப் போய்ச் சும்மாவே திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே விடுவதற்கே தலைமையாசிரியை ஆறு மாதம் நடக்கவைத்திருந்தார்.

சேவைக்காரர்களுக்கு அவன் இலக்கணமும் வகுத்து வைத்திருந்தான். தூரிகை பிடிப்பது ஐந்து நிமிடம்; தூரிகையோடு போட்டோவுக்கு நிற்பது ஐம்பது நிமிடம். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தீர்ப்பு முடிஞ்சுதா? அப்படியே கடைக்குப் போய், கரும்பலகைக்குக் கறுப்பு பெயின்ட் ரெண்டு டப்பா வாங்கிப் பள்ளிக்கூடத்துல குடுத்துட்டு வா, சாமி."

கடைக்காரரிடம் கறுப்பு பெயின்ட் என்று மட்டும் கேட்டான். மங்கலா, பளபளப்பா என்றார் அவர். உலகத்தில் யாராவது காசு கொடுத்து மங்கலை வாங்குவார்களா என்று நினைத்து, "நல்லா பளபளன்னு குடுங்கண்ணே," என்றான். இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட் இரண்டு டப்பா வந்தது. பள்ளியில் ஒருவரும் டப்பாவைத் திருப்பிப் படிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அக்காவும் தோழிகளும் அடித்து முடித்த இரண்டு வகுப்பறைப் பலகைகளும் கண்ணாடிபோல ஜொலித்தன.

திங்கட்கிழமை கணக்கு டீச்சர் எழுதப் போனார். சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. பலகையில் எழுத்து விழவில்லை, ஜன்னல்தான் தெரிந்தது. முதல் பெஞ்சுப் பெண்கள் அதைப் பார்த்துப் பின்னலைச் சரிசெய்துகொண்டார்கள்.

செவ்வாய் மாலை தலைமையாசிரியை அக்காவுக்குப் போன் செய்தார். பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பலகையில் எழுத முடியவில்லை என்றால் இனி சேவை செய்ய யாரும் கேட்டைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கும் தோழிகளுக்கும் சனிக்கிழமைக்கு முன்னால் லீவு கிடையாது.

"டப்பாவ நான்தான் பாக்காம விட்டுட்டேன் டீச்சர். தப்பு என்மேலதான்," என்றாள் அக்கா.

நீதிபதி அப்போது எதிரே உட்கார்ந்திருந்தான். அக்கா போனை வைத்துவிட்டு, யார் வாங்கி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் மறுநாள் உடுத்தவேண்டிய புடவையைத் தேய்க்கப் போனாள். கேட்டிருந்தால் தேவலை.

புதன்கிழமை கடைக்காரரிடம் இந்த முறை பள்ளிக்கூடத்துக் கரும்பலகை என்று ஒழுங்காகச் சொன்னான். அவர் மங்கல் பெயின்ட்டும் நாலைந்து உப்புத்தாளும் எடுத்து வைத்தார். பளபளப்பு போகிறவரை தேய்க்கணும், அப்புறம் ரெண்டு பூச்சு, காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கப் பூசித் துடைக்கணும், இல்லாவிட்டால் முதலில் எழுதுவது அழியவே அழியாது என்று பாடம் எடுத்தார்.

நாலு மணிக்குப் பிள்ளைகள் வெளியே வர, இவன் உள்ளே போனான். அந்தப் பெயின்ட்டை வாங்கி வந்தவன் தான்தான் என்று தலைமையாசிரியையிடம் நின்றபடியே சொன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டோ எடுக்க யாராவது வராங்களா?"

"இல்ல டீச்சர்."

சாவியை மேசைமேல் வைத்தார்.

உப்புத்தாளிடம் வாதத் திறமை செல்லாது. தேய்த்தால் தேயும், நிறுத்தினால் நிற்கும். ஆறு மணிக்கு அவன் மூக்குக்குள்வரை கறுப்பு. இரண்டு பலகைக்கும் ஒரு பூச்சு அடித்தான். மறுநாள் காலை, மணி அடிப்பதற்குள் இன்னொன்று. வியாழன் மாலை முதல் வகுப்பறையில் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பூசி, துடைத்து, ஓரத்தில் ஒரு கோடு போட்டான். கோடு நின்றது.

வாசலில் வந்து நின்ற தலைமையாசிரியை அந்தக் கோட்டைப் பார்த்தார். தாமும் ஒரு சாக்பீஸ் எடுத்து மறுநாள் தேதியை எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

"சனிக்கிழமை உங்க அக்காவ வரச் சொல்லு. ஜன்னல் கம்பியெல்லாம் துரு."

திரும்பினால் ஆளைக் காணோம்; பக்கத்தில் எட்டிப் பார்த்தார். நீதிபதி அடுத்த வகுப்பறையில் பெஞ்சின்மேல் ஏறி, இரண்டாவது பலகைக்குச் சாக்பீஸ் பூசிக்கொண்டிருந்தான். கீழே பெஞ்சின் நுனியில், மிச்சமிருந்த ஒரு உப்புத்தாளை ஜன்னல் கம்பிக்குச் சரியாக வருகிற மாதிரி நீளவாக்கில் மடித்து வைத்திருந்தான்.