நிகோலா திருநாளில் ஓவர்டைம்

பலகைகள் நிற்பதே இல்லை. ஆள் உயரப் பலகைகள், ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியில் கோத்து, கூடத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு காருக்கான வயர்கள் அத்தனையும் கிளை கிளையாகப் படர்ந்திருக்கும். யாகொடாவின் பங்குக்குச் சிவப்பும் பச்சையுமாக ஒரு கொத்து. பலகை தன்னைக் கடப்பதற்குள் ஒவ்வொரு முனையையும் அதனதன் துளையில் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். டக் என்று கேட்டால் சரி. கேட்காமல் விட்டுவிட்டால் கடைசியில் சோதனை மேடையில் சிவப்பு விளக்கு எரியும். யார் கை என்று பார்க்க சூப்பர்வைசர் ருஜிட்சா வருவாள்.

எல்லாம் நின்றபடி செய்யும் வேலை. ஐம்பத்து மூன்று வயதில் யாகொடாவின் கணுக்கால் மத்தியானத்துக்குள் காலணிக்கு மேல் பிதுங்கிவிடும். இலையுதிர் காலத்தில் தலைநகரிலிருந்து ஒரு மனநல ஆலோசகர் வந்து, வேலையில் எரிச்சல் வந்தால் மூச்சை இழுத்து விடுங்கள், இதை அழுத்துங்கள் என்று ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்துவிட்டுப் போனாள். நாள் முழுக்க அழுத்தியே நகம் கறுத்த பெண்களுக்கு மறுபடியும் அழுத்தச் சொல்லி ஒரு பந்து.

"எவன் கழுத்துன்னு நெனைச்சு அமுக்கணும்னு அந்தம்மா சொல்லாமப் போயிருச்சே" என்றாள் பக்கத்தில் நிற்கும் தெசான்கா. அன்று எல்லோரும் சிரித்தார்கள். பந்து இப்போது தெசான்கா வீட்டு நாயிடம் இருக்கிறது.

யாகொடா லீவு கேட்டது நிகோலா திருநாளுக்கு முந்தின வாரம். அவர்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு காவல் புனிதர் உண்டு. அவருடைய நாள்தான் அந்த வீட்டுக்கு ஸ்லாவா. யாகொடாவின் வீட்டுக்கு நிகோலா. யாரையும் அழைக்க மாட்டார்கள். வருகிறவர்கள் தாமாக வருவார்கள், கதவு திறந்திருக்க வேண்டும். யாகொடாவின் கணவன் ராடிஷா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகன் நெனாட் ஆஸ்திரியாவில் லாரி ஓட்டுகிறான். ஆண் போன வீட்டில் ஸ்லாவா மெழுகுவர்த்தியும் அணையும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மகன் திரும்பி வருகிறவரைக்கும் தன் வீட்டில் அது அணையக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

"ஸ்லாவாவுக்கு ஒரு நாள் லீவுன்னு சட்டமே இருக்கு, ருஜிட்சா."

"எனக்குத் தெரியாதாக்கா? இந்த லைன்ல பாதிப் பேருக்கு நிகோலாதான். எல்லாரையும் விட்டுட்டு, பலகையை நானும் மேனேஜருமா சுத்தறது?"

"உங்க மிக்கேல் நாளுக்கு நீ வீட்லதான இருந்த."

"மிக்கேல் இங்க எனக்கு மட்டுந்தான். அதான் விட்டாங்க." ருஜிட்சா குரலைத் தணித்தாள். "உன் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் என் வீட்டுக்காரரு. உன்னை மட்டும் அனுப்பினா நாலு பேரு என் மூஞ்சில துப்புவாங்க. வருஷக் கடைசில கான்ட்ராக்ட்டு முடியுது. யாரைத் திரும்ப எடுக்கலாம்னு என்கிட்டதான் கேப்பாங்க. இப்பப் போயி முரண்டு பிடிக்காத."

ருஜிட்சாவும் ஒரு காலத்தில் இதே பலகைக்கு முன்னால் நின்றவள்தான். யாகொடாதான் அவளுக்கு விரலில் நாடா சுற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். அதையெல்லாம் சொல்லிக் காட்ட வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும், விருந்தாளிகள் சாயங்காலம்தானே வருவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ரொட்டியும் வேகவைத்த கோதுமையும் மீனும் முந்தின நாளே தயார். விடிவதற்குமுன் தேன்மெழுகுவர்த்தியை ஏற்றிக் கோதுமைக் கிண்ணத்தில் நட்டுவிட்டு வந்தாள். ஸ்லாவா மெழுகுவர்த்தியை யாரும் ஊதி அணைப்பதில்லை. கடைசியில் வீட்டுக்காரர் ஒயின் தொட்டு அணைப்பதுதான் முறை. பக்கத்து வீட்டு ஸ்தானா ரொட்டிக் கடையில் பிற்பகல் வேலைக்குப் போகிறவரைக்கும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"ரெண்டு மணிக்குக் கெளம்பிருவேன். நீ வர்றதுக்குள்ள அரை மணி நேரம் அது தனியா நிக்கும். பரவாயில்லையா?"

"அரை மணி நேரந்தான, நிகோலா பாத்துக்குவாரு."

காலை இடைவேளையில் கேன்டீனில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். கம்பெனியே ஒரு பாதிரியாரை வரவழைத்திருந்தது. நம் பழக்கங்களை மதிக்கிறார்களாம். ஸ்லாவா ரொட்டியை வீட்டுக்காரரும் பாதிரியாரும் சேர்ந்து பிடித்துச் சுழற்ற வேண்டும். இங்கே வீட்டுக்காரர் இடத்தில் நின்றவர் வெளிநாட்டு மேனேஜர். எந்தப் பக்கம் சுழற்றுவது என்று தெரியாமல் பாதிரியாரின் கையைப் பார்த்துக்கொண்டே சுழற்றினார். ஆளுக்கொரு துண்டு கிடைத்தது. மென்று முடிப்பதற்குள் பெல் அடித்தது.

"நம்ம ஸ்லாவா முடிஞ்சுதாம்" என்றாள் தெசான்கா. "இனி வீட்டுக்குப் போயிப் போர்த்திப் படுத்துக்கலாம்."

ஷிப்ட் முடியும் நேரத்தில் ருஜிட்சா கூடத்தின் நடுவே வந்து கை தட்டினாள். வாசலில் லாரி நிற்கிறது, சரக்கு குறைகிறது, ஆறு மணி வரைக்கும் யாரும் போக வேண்டாம் என்றாள். கூடத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. யாகொடா பலகையை விட்டு ஓடிப்போய் ருஜிட்சாவின் கையைப் பிடித்தாள்.

"வீட்ல ஆள் இல்ல. மெழுகுவர்த்தி எரியுது. ஸ்தானா இந்நேரம் கெளம்பியிருப்பா."

ருஜிட்சாவின் முகம் ஒரு கணம் மாறியது. அவளும் அந்த ஊர்க்காரிதான். மெழுகுவர்த்தியைச் சுற்றி இருக்கும் லேஸ் விரிப்பும் ஜன்னல் திரையும் மர மேசையும் அவளுக்கும் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

"சாவி எங்க?"

"பூந்தொட்டிக்கு அடியில."

"சரி, பாக்கறேன். பலகை போகுது பாரு, நீ போ."

பார்க்கிறேன் என்றால் என்ன பார்ப்பாள்? யாகொடாவின் போன் லாக்கரில் இருந்தது; லைனில் போன் கூடாது. ருஜிட்சா இரண்டு தடவை அவளைத் தாண்டிப் போனாள். ஒரு தடவை காதில் போன் இருந்தது, லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். யாகொடா அவள் முகத்தையே பார்த்தாள். ருஜிட்சா பலகையைப் பார்த்தாள்.

"நீ போக்கா" என்றாள் தெசான்கா. "வீடு எரிஞ்சா கான்ட்ராக்ட்ட வெச்சு நாக்கு வழிக்கவா?"

வெளிக்கதவு இருபது எட்டு தூரத்தில்தான் இருந்தது. போனால் வேலையைப் பாதியில் விட்டவள் என்று ஆகும். அதோடு கதை முடிந்தது. யாகொடா ஒரு கால் எடுத்து வைத்தாள். அடுத்த பலகை எதிரே வந்தது. கை தானாக வயரை எடுத்தது. தன் கை மீதே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. வீடு தீப்பிடித்து நிற்கையில் இங்கே நின்று வயர் செருகுகிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு செருகினாள். வெளியே தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. மறுபடி காது கொடுத்தால் மெஷின் சத்தம்தான்.

இருட்டும் நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை வயர் போக வேண்டிய துளையில் சிவப்பு இருந்தது.

"யார் கை இது? யாகொடாக்கா, உன் கைதான? லாரி நிக்குதுன்னு தொண்டை கிழியச் சொல்றேன், நீ எந்த உலகத்துல இருக்க?" ருஜிட்சா எல்லோர் முன்னாலும் கத்தினாள். மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாகொடா வயரைக் கழற்றி மாற்றினாள்.

ஆறு மணிக்கு ருஜிட்சா வாசலில் காரோடு காத்திருந்தாள்.

"ஏறுக்கா. பஸ்ஸுக்கு நின்னா இன்னும் ஒரு மணி நேரம். நாங்களும் உன் வீட்டுக்குத்தான வரணும்."

யாகொடா ஏறினாள். பனி தூறிக்கொண்டிருந்தது. பாலம் தாண்டுகிறவரை வானத்தில் புகை தெரிகிறதா என்று அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்ன தேடற? வீடு அங்கயேதான் இருக்கும்" என்றாள் ருஜிட்சா. "என் வீட்டுக்காரரு அப்பவே போயிட்டாரு. ரெண்டரைக்கெல்லாம் உள்ள உக்காந்தாச்சு, மெழுகுவர்த்தி நல்லா எரியுதுன்னு போன் பண்ணாரு." கியர் மாற்றினாள். "உன்கிட்டச் சொல்லணும்னு நெனைச்சேன். வேலைல மறந்தே போச்சு."

யாகொடா திரும்பி அவளைப் பார்த்தாள். மூன்றரை மணி நேரம். ஒரு வார்த்தை. பக்கத்தில் போகும்போது வாயசைத்தால் போதுமே. கார்க் கதவைத் திறந்து இறங்கிவிட வேண்டும்போல இருந்தது. ருஜிட்சாவின் மயிரைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. வீட்டைக் காப்பாற்றியவளை எப்படி உலுக்குவது? "நல்லவேளை" என்றாள். அது அவளுக்கே வேறு யாரோ சொன்னதுபோல் கேட்டது.

வீட்டில் விளக்கெல்லாம் எரிந்தது. வந்தவர்களை ருஜிட்சாவின் கணவர் மிலிசாவ்தான் உட்காரவைத்து ரக்கியா மதுவை ஊற்றிக்கொண்டிருந்தார். யாகொடா வேலைச் சட்டையை உருவிவிட்டுக் கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு வந்தாள். பரிமாற வைத்திருந்த கோதுமைக் கிண்ணத்தை முதலில் ஞானத்தகப்பனிடம் நீட்டினாள், அடுத்து அவர் மனைவியிடம். ஒவ்வொருவரும் ஒரு கரண்டி எடுத்து, சிலுவைக் குறி போட்டுச் சாப்பிட்டார்கள். பிறகு மீனைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். ருஜிட்சா மேசைக்கு அடியில் காலணியைக் கழற்றிவிட்டு ஒரு பாதத்தை இன்னொன்றின்மேல் தேய்த்துக்கொண்டாள்.

போன் அடித்தது. நெனாட். மிலிசாவ் தானும் பேச வேண்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னார். வாழ்த்தெல்லாம் முடிந்தது.

"லீவு குடுத்தாங்களாம்மா?" என்றான் மகன். "குடுக்கலன்னா சொல்லு. ஞானத்தகப்பன்கிட்டயே கேட்டுடறேன்."

 ருஜிட்சா தட்டில் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்; அவள் தலை நிமிரவில்லை.

"குடுத்தாங்கப்பா" என்றாள் யாகொடா. "காலையிலேர்ந்து வீட்லதான் இருக்கேன்."

"அப்படின்னா நல்லா உக்காந்து சாப்பிடுமா."

போன் வைத்ததும் பேச்சு மறுபடி கிளம்பியது. மிலிசாவ் ரக்கியாவைத் தூக்கி வீட்டுக்காரிக்கு வாழ்த்துச் சொன்னார்.

"நீயும் ஒரு நிமிஷம் உக்காருக்கா" என்றாள் ருஜிட்சா மெதுவாக, தன் பக்கத்து நாற்காலியை இழுத்து.

"ஸ்லாவாவுல வீட்டுக்காரங்க உக்காரக் கூடாது" என்றாள் யாகொடா. வீங்கிய காலிலிருந்து மற்ற காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டு, தட்டத்தில் மிச்சமிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து ருஜிட்சாவின் தட்டில் வைத்தாள்.