முன்னால் போய் உட்கார்

என் அம்மா உண்ணாமலையை வெளியூர் கூட்டிப்போவதற்குப் பதில் ஒரு கூடைத் தவளையைத் தராசில் நிறுத்துவிடலாம். கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிவிட்டால் கழற்றிப் பைக்குள் போடுகிறாள். போனை ஓட்டல் அறையிலேயே சார்ஜில் விட்டுவிட்டு வருகிறாள். கேட்டால், "நான் இன்னா எல்கேஜி புள்ளையா?" என்கிறாள். திருவண்ணாமலையிலிருந்து முக்திநாத் யாத்திரைக்குக் கிளம்பிய நாளிலிருந்து எங்களுக்குள் இதே சண்டைதான்.

காட்மாண்டு வந்த மறுநாள் மாலை எங்களை பௌத்தநாத் ஸ்தூபிக்கு அழைத்துப் போனார் அருண்பிரசாத். கீழ்பென்னாத்தூர்க்காரர், இந்த யாத்திரையை நடத்துகிறவர். பெரிய வெள்ளைக் கும்பம், அதன் உச்சியில் வரைந்த கண்கள், சுற்றிலும் வட்டமாகக் கடைகள். ஜனங்கள் ஸ்தூபியை வலப்பக்கம் வைத்து ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் மாலை, வாயில் முணுமுணுப்பு. ஒரு குழந்தை பொரி கேட்டு அழுதபடி அதன் அம்மாவின் கையில் இழுபட்டுப் போனது.

"நம்ம ஊரு பௌர்ணமி மாதிரியே கீதே!" என்றாள் அம்மா, வாயெல்லாம் பல்லாக. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரு கடையில் ஊதுவத்தி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அம்மாவைக் காணோம்.

தமிழைத் தவிர அவளுக்கு ஒரு பாஷையும் தெரியாது. சர்க்கரை மாத்திரை என் பையில் இருக்கிறது. தங்கியிருக்கும் ஓட்டலின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

"மேடம், நான் பஸ்கிட்ட போயி பாக்கறேன். நீங்க எதிர்ப்பக்கமா சுத்திக்கினு வாங்க. மூஞ்சிக்கு நேரா பாத்துடலாம்" என்றார் அருண்பிரசாத்.

நல்ல யோசனைதான். ஆனால் கூட்டத்துக்கு எதிரே நாலடி வைப்பதற்குள் கால் நின்றுவிட்டது. பிறந்த நாளிலிருந்து மலையை ஒரே பக்கமாகச் சுற்றி வளர்ந்த கால், சொன்னால் கேட்குமா?

சின்ன வயதில், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் கிளம்புமுன் அம்மா சொல்லுவாள்: "தொலைஞ்சி போனா திரும்பி வராதடி. மலைய வலப்பக்கம் வச்சிக்கினு முன்னாடி கீற லிங்கத்துக்குப் போயி உக்காரு. நான் வந்துடுவேன்." ஒருமுறை அடி அண்ணாமலையில் வளையல் கடையை வேடிக்கை பார்த்துத் தொலைந்துபோனேன். வாயு லிங்கம்வரை அழுதுகொண்டே நடந்து, அங்கே போய் உட்கார்ந்தேன். அவிழ்ந்த கூந்தலோடு அம்மா வந்தாள். அடிக்கவில்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள்.

அப்படியானால் அம்மா முன்னால் போய் எங்கேயோ உட்கார்ந்திருப்பாள். தைரியம் வந்தது. கூட்டத்தோடு நடந்து, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே போனேன். படிக்கட்டில் பார்த்தேன், கடை வாசலில் பார்த்தேன், கையால் உருட்டும் பிரார்த்தனைச் சக்கரங்களின் ஓரத்தில் பார்த்தேன். முழுச் சுற்று முடிந்தது. மறுபடியும் சுற்றினேன். எங்கேயும் இல்லை. 'அண்ணாமலையாரே, இனிமேல் அவளைத் திட்டவே மாட்டேன்' என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

நான் திரும்பத் திரும்பப் போவதை ஒரு விளக்குக் கடைக்காரம்மா பார்த்திருக்க வேண்டும். கூப்பிட்டார். என் புடவையைத் தொட்டுக் காட்டி, நரைத்த தலை என்று தன் முடியையும் காட்டினார். பிறகு விரலால் காற்றில் வட்டம் போட்டார். வட்டம், இன்னொரு வட்டம்.

எனக்கு உறைத்தது. அம்மா உட்காரவே இல்லை. அவளும் என்னைப்போலவே சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான் இந்தப் பக்கம் என்றால் அவள் அந்தப் பக்கம். உட்கார வேண்டியது தொலைந்தவர். அவள் கணக்கில் தொலைந்தது அவள் இல்லை.

நான்தான். மூக்குக்கண்ணாடி போட்டு, தலைக்கு மை தடவி, கல்லூரியில் படிக்கும் மகனை வைத்துக்கொண்டிருக்கிற நான்.

விளக்குக் கடைப் படியில் உட்கார்ந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் வந்த அழுகையை அடக்க முடியவில்லை.

அம்மா வந்தாள். செருப்பு கையில் இருந்தது. நடக்கிறவர்கள் யாரையும் அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருக்கிறவர்களை மட்டும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? முன்னாடி போயி உக்காருன்னு எத்தினி தடவ சொல்லிக்கீறேன்! இத்தினி சுத்து சுத்த வுட்டியே!"

"உக்காந்துட்டேன்மா" என்றேன்.

முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பைக்குள் கையை விட்டுத் துழாவி, நான் மாட்டிவிட்ட பெயர் அட்டையை எடுத்து என் கழுத்தில் போட்டாள்.

"கழட்டாத" என்றாள்.

நான் கழற்றவில்லை.