மச்சானின் பாதி முகம்

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு லாரி எங்கள் முடிதிருத்தும் கடையின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அன்றிலிருந்து சீப்பு கீழே விழுந்தாலும் தூக்கிவாரிப்போடும். தோள் காது வரைக்கும் ஏறும், படபடப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆகும்.

"லாரி போயிடுச்சுங்கிற சேதி உங்க உடம்புக்கு இன்னும் போய்ச் சேரல" என்றார் டாக்டர். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். தவறாமல் செய்கிறேன். உடம்புதான் அந்தச் சேதியை வாங்க மாட்டேன் என்கிறது.

கத்தரிக்கோலைப் பிடிப்பேன். சவரக்கத்தியைத் தொடுவதில்லை. கத்தி ஒருவர் கழுத்தில் இருக்கும்போது கதவு படாரென்று சாத்திக்கொண்டால்? சவரமெல்லாம் மச்சான் பார்த்துக்கொண்டார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன், கடையில் பாதிப் பங்கு. பதினெட்டு வருடம் ஓயாமல் பேசிய மனுஷன், எனக்காக வாயைக் கட்டிக்கொண்டார். வாசல் மணியைக் கழற்றினார். ரேடியோவை மூட்டை கட்டினார். வருகிறவர்களிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். கடை துக்க வீடு மாதிரி ஆனது. வீட்டில் என் மனைவியும் அண்ணனுக்குச் சளைத்தவள் இல்லை. குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டாள். பூனை நடை நடந்து வந்து என் முதுகுக்குப் பின்னால், "சாப்பிடலாமா?" என்று கிசுகிசுப்பாள். நான் அலறுவேன். நான் அலறியதைக் கேட்டு அவள் அலறுவாள்.

அவர்கள் அன்பு காட்டக் காட்ட என் பாடு திண்டாட்டமானது. இவ்வளவு மெனக்கெடுகிறவர்களிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது?

போன வாரம் மச்சான் ஒரு படி மேலே போனார். செருப்புச் சத்தம்கூட வேண்டாமென்று வெறுங்காலோடு ஈரத் தரையில் நடந்து, வழுக்கி, வாளியோடு விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. அவர் வலியில் கத்த, நான் மூலையில் பதுங்கி நடுங்க, முடிவெட்ட வந்தவர்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

மூன்று நாள் சவரத்துக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். நாலாம் நாள் மத்தியானம் மச்சான் மாவுக்கட்டோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தாடிய எடு மாப்ள."

"வேற கடைக்குப் போங்க மச்சான்."

"சொந்தக் கடை இருக்கறப்ப இன்னொருத்தன்கிட்ட மூஞ்சியக் காட்டுறதா? மானம் போயிடும்."

அப்போது பார்த்தேன், இன்றைக்கும் வெறுங்கால். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"முதல்ல செருப்பப் போடுங்க! நீங்க சத்தமில்லாம வந்து நிக்கறதுதான் என்னைக் கொல்லுது. யாரு வர்றான்னு தெரிஞ்சா நான் தாங்கிக்குவேன். தெரியாம வந்தாத்தான் உசுரு போகுது."

மச்சான் வாயைப் பிளந்தார். "அப்ப எட்டு மாசமா நான் பேசாமக் கெடந்தது?"

"தண்டம்."

"அடப்பாவி! மொத வாரமே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

சிரித்துவிட்டோம். பிறகு அவரே வழி சொன்னார். நாற்காலியில் இருப்பவருக்குக் கண்ணாடியில் வாசல் முழுக்கத் தெரியும். எனக்குத் தாடை மட்டும்தான். யாராவது கதவருகே வந்தால் அவர் இடது கை விரலைத் தூக்குவது, நான் கத்தியை விலக்கிக்கொள்வது.

நுரை போட்டேன். கத்தியை எடுத்தேன். இரண்டு முறை விரல் உயர்ந்தது. இரண்டு முறையும் கதவு திறக்கப்போவது எனக்குத் தெரிந்திருந்தது. தோள் கொஞ்சம் ஏறியது, இறங்கியது. வலது கன்னம் முடிந்தது. கழுத்துக்கு இறங்கினேன்.

தெருவில் ஏதோ வண்டியின் டயர் வெடித்தது.

நினைவு வந்தபோது சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். நாற்காலிப் பக்கம் பார்க்கத் துணிவில்லை.

"மச்சான்... ரத்தம் வருதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நீ துள்ளினது அப்புறந்தான். கத்திதான் மொதல்ல என் கழுத்த விட்டுப் போச்சு. இப்ப எங்க வச்சிருக்கன்னு பாரு."

பார்த்தேன். கத்தியைப் பிடித்த கையை என் நெஞ்சோடு சேர்த்து இறுக்கி வைத்திருந்தேன். சட்டைப் பை கிழிந்திருந்தது. எட்டு மாதமாக நான் பயந்தது சத்தத்துக்கு அல்ல, இந்தக் கைக்கு. அழுதேன். வெட்கமாக இல்லை.

கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பாதி முகத்தில் நுரை காய, மச்சான் எட்டு மாதப் பாக்கிப் பேச்சையும் பேசித் தீர்த்தார். பிறகு எழுந்து, புது பிளேடு மாட்டி, மறுபடி நுரை போட்டேன்.

"விரல மறந்துடாதீங்க."

"காவல் காத்துக் கண்ணு எரியுது மாப்ள. நீ உன் வேலையப் பாரு."

தலையைச் சாய்த்துக் கழுத்தை நன்றாகக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினார். கத்தி கழுத்தைத் தொட்டபோது லேசாகக் குறட்டை விடத் தொடங்கியிருந்தார்.