கொக்கின் கழுத்து

அருங்காட்சியகத்தில் பழுதுபார்க்கும் அறையில் அவளுக்கு அண்ணி என்று பெயர். வைத்தவள் அவளுடைய நாத்தனார். வேலைக்கு வந்த முதல் நாளே, "அண்ணி, அந்தப் பசையை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்று கூப்பிட்டாள். அதைக் கேட்டுக் கேட்டுக் காவலாளி முதல் காப்பாட்சியர் வரை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். காலமெல்லாம் அங்கே உடைந்த பானைகளை ஒட்டியவளுக்குச் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை.

நாத்தனாருக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். முப்பது தாண்டிய பாப்பா. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அந்த வீட்டில் ஒட்டுவதிலும் அதே கதைதான், கொஞ்சம் திருப்பிப் போட்ட கதை: பாப்பா ஒட்டினால் பொன்குடம், அண்ணி ஒட்டினால் மண்குடம். இத்தனைக்கும் பாப்பாவுக்காகக் காப்பாட்சியரிடம் போய் நின்று, வேலை கேட்டு வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டது மூவாயிரம் வருஷத்துப் பழைய மண்.

பாப்பாவுக்குக் கை வாகு இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. அண்ணி அரை நாள் தேடும் பானைச் சில்லைப் பாப்பா பேசிக்கொண்டே எடுத்து வைத்துவிடுவாள். "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று காப்பாட்சியர் கேட்டால், "தெரியலை சார், கைக்கு வந்துச்சு" என்பாள். அந்தத் "தெரியலை"யைக் கேட்கும்போதெல்லாம் அண்ணிக்கு வயிறு எரியும். ஒரே ஒரு தடவை, யாராவது ஒருவர், பாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "உன் கை ஒசத்தி" என்று தன்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெரிய ஜாடி வந்தது. ஏதோ ஒரு பழைய அரண்மனையில் தானியம் கொட்டி வைத்த ஜாடி, இடுப்பளவு உயரம். முன்பக்கம் கொம்பை வளைத்து நிற்கும் ஆடுகள், பின்பக்கம் வரிசையாகக் கொக்குகள். ஒட்டி முடித்தபோது இரண்டு இடத்தில் ஓட்டை. முன்பக்கம் ஓர் ஆட்டின் முகம் இல்லை, பின்பக்கம் ஒரு கொக்குக்குக் கழுத்து இல்லை. இரண்டையும் பிளாஸ்டரால் அடைத்து, மேலே வர்ணம் தீட்ட வேண்டும்.

"ஆட்டைப் பாப்பா பாத்துக்கட்டும்" என்றார் காப்பாட்சியர். "கொக்கை அண்ணி முடிச்சுடுங்க. அது எப்படியும் செவத்தைப் பாத்துத்தானே இருக்கப்போவுது."

அண்ணி தலையாட்டினாள். பின்பக்கம்! சுவர்ப் பல்லி பார்த்து ரசிக்கட்டும் என்று கொடுத்தார் போலிருக்கிறது. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாப்பிடாமலே மூடினாள்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. புதிதாகத் தீட்டியது ஆறடி தள்ளி நின்றால் தெரியக்கூடாது, ஆறங்குலத்தில் பார்த்தால் தெரிய வேண்டும். அதற்காகவே வர்ணத்தை அரைப்பங்கு வெளுப்பாகக் கலப்பார்கள். பழையவன் போட்டது எது, நாம் போட்டது எது என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். ஈரப் பஞ்சால் துடைத்தால் வந்துவிடவும் வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே அண்ணிதான்.

ஆனால் கொக்குகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று புரிந்தது. முன்பக்க ஆடுகளை அந்தப் பழைய ஓவியன் பயந்து பயந்து போட்டிருக்கிறான், யாரோ பெரிய மனிதர் பார்ப்பார் என்று. பின்பக்கம் அவனுக்கு யார் பயமும் இல்லை. அலகிலிருந்து மார்பு வரை கழுத்து ஒரே இழுப்பு; தடித்து ஆரம்பித்து மெலிந்து முடிகிறது. உயிர் அங்கேதான் இருந்தது. அண்ணி பழைய செய்தித்தாள் கட்டையெல்லாம் கொக்கால் நிரப்பினாள். கணவன், "வீட்ல காகிதம் பூராக் கேள்விக்குறியா இருக்கு?" என்று கேட்டான். அவள் அடுத்த தாளை எடுத்தாள்.

கை பழகியதும் ஒரு மத்தியானம், அறையில் யாரும் இல்லாதபோது, தூரிகையைத் தோய்த்து ஒரே மூச்சில் இழுத்தாள். வர்ணத்தை வெளுக்க வைக்கவில்லை. பழைய கறுப்பு எதுவோ, அதே கறுப்பு. பாப்பா பார்க்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. பிறகு எதைப் பார்ப்பார்கள்? பாப்பாவின் ஆட்டு முகம் விதிப்படி சற்று வெளுத்திருந்தது, அதனாலேயே எல்லோர் கண்ணிலும் பட்டது. "என்ன நேர்த்தி!" என்றார்கள். பின்பக்கம் ஓட்டை இருந்ததையே காப்பாட்சியர் மறந்துபோனார்.

ஜாடியை வைத்த கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள், பழங்கால ஓவியங்களில் பெயர்பெற்ற ஒரு வல்லுநர் அம்மாள் வந்தார். ஆட்டு முகத்தைப் பார்த்து, "நல்ல வேலை" என்று பாப்பாவுக்கு ஒரு புன்னகை. பிறகு ஜாடிக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டார். "மத்ததெல்லாம் சரி, இந்த ஒரு கொக்கைப் பாருங்க. இந்தக் கழுத்து! இன்னிக்கு இருக்கிற எவனாலும் இப்படி ஒரு கோடு போட முடியாது. என் புத்தகத்துக்கு இதுதான் அட்டைப்படம்."

அது அண்ணி போட்ட கொக்கு.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றாள். வாயைத் திறந்தால் வேலைக்கு ஆபத்து. திறக்காவிட்டால் அவள் கோடு புத்தக அட்டையில் ஏறும், பெயர் பெயரில்லாத ஒருவனுக்குப் போகும். வல்லுநர் அம்மாள் விடவில்லை, "மகா கலைஞன்! மேதை!" என்று அடுக்கிக்கொண்டே போனார். செத்து மூவாயிரம் வருஷமானவன் மேல் அண்ணிக்கு வந்த பொறாமை இருக்கிறதே, பாப்பா மேல்கூட அப்படி வந்ததில்லை. வாழ்நாளெல்லாம் காத்திருந்த பேச்சு, அதையும் ஒரு பிணம் தட்டிக்கொண்டு போவதா?

"அது நான் போட்டது" என்றாள். நேர்மையால் அல்ல, தாங்க முடியாமல்.

வல்லுநர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிவந்துபோயிற்று. "அப்போ இது பொய்யி. என்னையே ஏமாத்தியிருக்கு. நாளைக்குள்ள அழிச்சிடணும்" என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விட்டார். மேதை என்ற பேச்சு திரும்ப வரவேயில்லை.

"அண்ணி, நீங்களா இப்படி?" என்றார் காப்பாட்சியர். "முதல்ல துடைங்க. இனிமே உங்ககிட்ட தூரிகையைக் குடுக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பேசுவோம்." அவரும் பின்னாலேயே ஓடினார்.

பாப்பா மட்டும் நின்றாள். கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்து, "நான் வேணா துடைச்சிடட்டுமா அண்ணி?" என்றாள்.

"நீ தொடாதே. என்னோடதை நானே அழிச்சுக்கிறேன்."

அண்ணி பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். கழுத்தின் மேல்நுனியில் வைத்தபோது பாப்பா கேட்டாள்.

"ஒரே இழுப்பா அண்ணி?"

"ஒரே இழுப்பு."

"நானும் வீட்ல கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டுப் பாத்தேன். வரலை."

அண்ணி திரும்பினாள். "அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"காய்றதுக்கு முன்னாடியே தெரியும்."

"பின்னே ஏண்டி யார்கிட்டயும் சொல்லலை? சொல்லியிருந்தா அன்னிக்கே என்னைத் தூக்கியிருப்பாங்களே."

பாப்பா கிண்ணத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"சொன்னா, நல்லாயிருக்குன்னும் சொல்லணுமே அண்ணி."

அண்ணி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அது புது முகமல்ல. பாப்பா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அண்ணி கண்ணாடியில் தினமும் பார்த்த தன் முகம்தான். பிறகு சற்று நகர்ந்து, வெளிச்சம் மறைக்காமல், கொக்கின் கழுத்தை மேலிருந்து கீழாக மெதுவாக, பாப்பா நன்றாகப் பார்க்கும்படி, துடைக்க ஆரம்பித்தாள்.